நடுவில் நிற்பவள்

உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெண் என்று சொன்னால் போதும், “குடவோலை ஊரா?” என்று கேட்காதவர் நம் பாலிடெக்னிக்கில் கிடையாது. பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடம் அப்படி மனதில் பதிந்து கிடக்கிறது! எங்களுக்கும் அதில் பெருமைதான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதம் கற்ற கல்வி. முந்தைய மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவர் பெயரைப் போடக்கூடாது. கணக்குக் காட்டாதவன் குடத்துப் பக்கமே வரக்கூடாது, அவன் சொந்தக்காரனும்கூட!

“யார் முன்னால் நிற்பது?” என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே இவ்வளவு யோசித்த மண் அது. அந்தத் தகுதிப் பட்டியலில் பெண்ணுக்கு இடம் இல்லை. நிலம் இல்லாதவனுக்கும் இல்லை. அதே மண்ணில், எங்கள் தெருவில், நிலமும் இல்லாமல் பெண்ணுமாக இருந்த ஒருவரை முப்பது வருடம் தலைவியாக வைத்திருந்தோம். ஓலையும் இல்லை, குடமும் இல்லை. அவர் என் நானிமா. அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி. அவர் செய்த வேலை, பெண்களுக்குத் தொழுகை நடத்துவது. அதைப் பற்றித்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.

“பொம்பளைங்க தொழுகை நடத்துவாங்களா?” என்று என் வகுப்புத் தோழிகளே கேட்டிருக்கிறார்கள். முஸ்லிம் நண்பர்களில் இரண்டு பேரும் கேட்டார்கள் என்பதுதான் வேடிக்கை! ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கிராமத்தில் முஸ்லிம் வீடுகள் மொத்தம் நாற்பது இருக்கும். சைக்கிள் கடை, தையல், கறிக்கடை, காய்கறி வியாபாரம், இப்போது கம்பெனி வேலை. வீட்டுக்குள் உருது, வாசலைத் தாண்டினால் தமிழ். சின்னப் பள்ளிவாசல் ஒன்று உண்டு. அதில் பெண்களுக்கென்று தனி இடம் கட்டவில்லை. ஆண்கள் அங்கே போவார்கள். பெண்கள் நானிமா வீட்டுக் கூடத்துக்கு வருவார்கள். ரமலான் மாதத்து இரவுகளில் தராவீஹ் தொழுகை, பராஅத் இரவு, இருபத்தேழாம் கிழமை, யாராவது மவ்த்தானால் யாசீன் ஓதுவது, எல்லாம் அந்தக் கூடத்தில்தான். வியாழக்கிழமை மாலை தாலீம். அதில் கொஞ்சம் ஓதுவார்கள், பிறகு நானிமா பயான் சொல்வார். பயான் என்றால் பேச்சு. மைக் இல்லாத பேச்சு.

அந்தக் கூடத்தை நான் ஒருநாள் டேப் வைத்து அளந்தேன். சிவில் படிக்கிறவள் சும்மா இருப்பாளா! பதினாலுக்குப் பன்னிரண்டு அடி. ஆளுக்கு இரண்டடி என்று வைத்தால் ஒரு வரிசைக்கு ஏழு பேர். ஸஜ்தாவில் நெற்றி வைக்க ஒரு வரிசைக்கு நாலடி வேண்டும். ஆக மூன்று வரிசை, இருபத்தொரு பேர். அதற்கு மேல் வந்தால் திண்ணை.

ஆண்கள் தொழுகையில் இமாம் எல்லோருக்கும் முன்னால் தனியாக நிற்பார். அரபியில் ‘இமாம்’ என்றால் முன்னின்று நடத்துபவர். ஆனால் பெண்களுக்குப் பெண் தொழுகை நடத்தும்போது முன்னால் போய் நிற்பதில்லை. முதல் வரிசையிலேயே நடுவில், இந்தப் பக்கம் மூன்று பேர் தோளும் அந்தப் பக்கம் மூன்று பேர் தோளும் ஒட்டி நிற்க, அவர்களில் ஒருத்தியாக நிற்பார். வெளியிலிருந்து பார்த்தால் யார் நடத்துகிறார் என்றே தெரியாது. குரல் கேட்டால்தான் தெரியும்.

இது நானிமா கண்டுபிடித்த வழக்கம் அல்ல. நபிகள் நாயகத்தின் துணைவியர் ஆயிஷாவும் உம்மு ஸலமாவும் இப்படி வரிசையின் நடுவில் நின்று பெண்களுக்குத் தொழுகை நடத்தியதாகப் பழைய நூல்களில் இருக்கிறது. மதீனாவில் உம்மு வரகா என்று ஒரு பெண்மணி. குர்ஆனை நன்றாக ஓதியவர். அவருடைய வீட்டாருக்கு அவரே தொழுகை நடத்தும்படி நபிகள் சொன்னதாகவும், பாங்கு சொல்ல ஒரு முதியவரை அமர்த்திக் கொடுத்ததாகவும் அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. ‘வீட்டார்’ என்றால் பெண்கள் மட்டுமா, அந்த முதியவரும் சேர்த்தியா என்று அறிஞர்கள் இன்றுவரை விவாதம் செய்கிறார்கள்.

சட்டப் பள்ளிகளிலும் கருத்து ஒன்றல்ல. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹபு. அதில் பெண்களுக்குப் பெண் இமாமாக நிற்பது நல்ல காரியம். எங்கள் வடமாவட்டங்களில் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபு. அதில் பெண்கள் தனி ஜமாஅத் வைப்பது மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது. எங்கள் ஹஜ்ரத்திடம் இதை நான் நேராகவே கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: “மக்ரூஹ்தாம்மா. ஆனா அப்படியும் நடத்தினாங்கன்னா இமாம் நடுவுல நிக்கணும்னு அதே கிதாபுலயே எழுதி வெச்சிருக்காங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார். வேண்டாம் என்று சொன்ன புத்தகமே, செய்தால் எப்படிச் செய்வது என்றும் சொல்லிக் கொடுக்கிறது! நானிமாவின் முப்பது வருடமும் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் ஓடியது.

நானிமா எந்த மதரஸாவிலும் பட்டம் வாங்கியவர் அல்ல. சின்ன வயதில் ஓதிக்கொடுத்த ஒரு பெரியம்மாவிடம் கற்றது. தராவீஹ் இருபது ரக்அத்தையும் ‘அலம்தர’ சூராவிலிருந்து கடைசி வரை உள்ள பத்துச் சின்ன சூராக்களை இரண்டு சுற்று ஓதி முடிப்பார். பட்டணத்தில் முழுக் குர்ஆனையும் மனனம் செய்த ஹாஃபிழாக்கள் முப்பது நாளில் முப்பது பாகம் ஓதுவார்கள். எங்கள் கூடத்தில் பத்து சூராதான். ஆனால் அந்தப் பத்தையும் எல்லோரும் உடன் ஓதும் அளவுக்குக் கற்றிருந்தோம்.

தொழுகையைவிட எனக்குப் பிடித்தது அவருடைய பயான். ஹாஜரா அம்மையார் கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும்! பாலைவனத்தில் கைக்குழந்தையோடு தனியாக விடப்பட்ட பெண். தண்ணீர் இல்லை. ஸஃபா குன்றுக்கும் மர்வா குன்றுக்கும் இடையே ஏழு தடவை ஓடினார். பிறகு ஸம்ஸம் ஊற்று. இதைச் சொல்லிவிட்டு நானிமா கேட்பார்:

“ஹஜ்ஜுக்குப் போறாங்களே ஆம்பளைங்க, ராஜாவும் போறான், பக்கீரும் போறான். அந்த ரெண்டு மலைக்கு நடுவுல ஏழு வாட்டி நடக்கிறாங்களே, அது யாரு நடந்த தடம்? கொழந்தைக்குத் தண்ணி தேடின ஒரு பொம்பளையோட தடம். தண்ணிக்கு அலைஞ்சதை அல்லா இபாதத்தா ஆக்கிட்டான். நீங்க கொடத்தைத் தூக்கிக்கிட்டு அலையறதையும் அவன் பாத்துக்கினுதான் இருக்கான்.”

கோடையில் ஏரி வற்றி, பஞ்சாயத்துக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊரில் இந்தப் பேச்சு எப்படி விழும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அழாதவர் இல்லை.

இன்னொரு கதை கவ்லா என்ற பெண்ணுடையது. கணவன் கோபத்தில் “நீ எனக்குத் தாய் மாதிரி” என்று சொல்லி ஒதுக்கிவிட்டான். அந்தக் கால அரபு வழக்கப்படி அது அவளை வாழவும் விடாது, விலகவும் விடாது. அவள் நபிகளிடம் போய் வாதாடினாள், விடாமல் முறையிட்டாள். அவள் குரலை இறைவன் கேட்டதாகச் சொல்லித்தான் குர்ஆனின் 58-வது அத்தியாயம் தொடங்குகிறது. அந்த அத்தியாயத்தின் பெயரே ‘வாதாடுபவள்’. பிற்காலத்தில் கலீஃபா உமர் வழியில் போகும்போது கிழவியான கவ்லா நிறுத்திப் பேச, அவர் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். கூட வந்தவர்கள் முணுமுணுத்தபோது, வானத்துக்கு மேலே கேட்கப்பட்ட குரலை உமர் கேட்கக் கூடாதா என்றாராம். இதைச் சொன்ன அன்றுதான் தையல் தைக்கும் காலா ஒருவர் தன் வீட்டு விஷயத்தை முதன்முதலாக வாய் திறந்து சொன்னார். அது என்ன என்பது இந்த மலருக்கு வேண்டாம். அவர் வாய் திறந்தார் என்பதே பெரிய செய்தி. பயான் செய்கிற வேலை அதுதான் என்று அன்று எனக்குப் புரிந்தது.

நாம் மட்டும்தான் இப்படியா என்று பிறகு தேடிப் படித்தேன். தேடத் தேட ஆச்சரியம்!

நம் தமிழ்நாட்டிலேயே காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன. ஞானப் பாடல்கள் எழுதிய முஸ்லிம் பெண்கள் நம்மிடம் முன்பே இருந்திருக்கிறார்கள்: தென்காசி ரசூல் பீவி, ‘மெய்ஞ்ஞானக் குறவஞ்சி’ பாடிய இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள், கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா. ஆன்மிகம் பேசுவது ஆம்பளை வேலை என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தது?

சீனாவில் ஹுய் முஸ்லிம்கள் பெண்களுக்குத் தனிப் பள்ளிவாசலே கட்டினார்கள். ஹெனான் மாகாணத்துக் கைஃபெங் நகரில் வாங்ஜியா சந்துப் பெண்கள் பள்ளிவாசல் 1820-ல் ஏற்பட்டது. அங்கே தொழுகை நடத்தும் பெண்ணை ‘ஆஹோங்’ என்கிறார்கள். அவரும் முன்னால் போய் நிற்பதில்லை; வரிசையோடு வரிசையாகத்தான். எங்கே சீனா, எங்கே எங்கள் கூடம்!

புதுக்கோட்டையில் தாவூது ஷரீஃபா கானம் நடத்திய போராட்டம் வேறு மாதிரி. ஜமாஅத்தில் பெண்ணின் வழக்கைப் பெண் இல்லாமலே பேசித் தீர்ப்புச் சொல்கிறார்களே என்று கேட்டு, தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார். பெண்களுக்கென்று ஒரு பள்ளிவாசல் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். நாடு முழுவதும் பேச்சாகிவிட்டது. அந்த ஜமாஅத்தைப் பற்றி தீபா தன்ராஜ் 2011-ல் ஆவணப்படம் எடுத்தார்.

ஆணும் பெண்ணும் சேர்ந்த தொழுகைக்குப் பெண் இமாமாக நிற்பது இன்னும் பெரிய சர்ச்சை. ஆமினா வதூத் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1994-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் ஒரு பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை உரை நிகழ்த்தினார். 18.3.2005 அன்று நியூயார்க்கில் நூறு பேருக்கு மேல் கூடிய ஜும்ஆ தொழுகையை அவரே நடத்தினார். பள்ளிவாசல்கள் இடம் தரவில்லை. ஒரு கிறிஸ்தவ தேவாலயத்துக் கட்டடத்தில்தான் நடந்தது. நம் பக்கத்து மாநிலம் கேரளாவில், மலப்புறம் மாவட்டம் வண்டூரில், 26.1.2018 அன்று ஜமீதா என்ற ஆசிரியை ஆண்களும் பெண்களும் கலந்த ஜும்ஆ தொழுகையை நடத்தினார். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெண்கள் பள்ளிவாசலுக்குள் போகலாமா என்ற கேள்வியே 2019-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பெண்கள் பள்ளிவாசலில் தொழ இஸ்லாத்தில் தடை இல்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியம் 2020 ஜனவரியில் பிரமாணப் பத்திரம் கொடுத்தது. தடை இல்லை, சரி... இடம்? எங்கள் பள்ளிவாசலில் இன்னொரு அறை கட்ட எஸ்டிமேட் போட்டுத் தர நான் தயார். பணத்துக்குத்தான் யாராவது வழி சொல்ல வேண்டும்!

இந்தப் பெரிய விவாதங்களில் எனக்குக் கருத்து இல்லாமல் இல்லை. ஆனால் நியூயார்க்கும் வண்டூரும் செய்தித்தாளில் வந்தன. செய்தித்தாளில் வராத கூடங்கள் எத்தனை ஊர்களில் இருக்கின்றனவோ! அவற்றைப் பற்றி எழுத ஆள் இல்லை. அவை நின்று போனாலும் யாருக்கும் தெரியாது.

எங்கள் கூடம் அப்படி நின்று போகத்தான் பார்த்தது.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நானிமா மவ்த்தானார். பெண்கள்தான் குளிப்பாட்டினோம், கஃபன் துணி உடுத்தினோம். ஆண்கள் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜனாஸா தொழுகை பள்ளிவாசல் வாசலில். முப்பது வருடம் அவர் தோளோடு தோள் ஒட்டி நின்ற பெண்கள் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துத் தெரு வன்னியர் வீட்டு ஆயா வந்து, “பாயம்மா போய்ட்டாங்களா, இனி வியாழக்கெழம சத்தம் கேக்காதே...” என்று அழுதார். அப்போதுதான் எல்லோருக்கும் அந்தக் கேள்வி உறைத்தது. இனி யார்?

அடுத்த இரண்டு மாதம் தாலீம் இல்லை. ரமலான் நெருங்கியது. ஒரு வியாழக்கிழமை எல்லோரும் கூடினோம். வயதில் மூத்தவர் நடத்தட்டும் என்றார்கள். மூத்தவருக்கு முழங்கால் மடங்காது. பெரிய வீட்டு மருமகள் நடத்தட்டும் என்றார்கள். அவரே வேண்டாம் என்றுவிட்டார். அப்போது தையல்கார காலா சொன்னார்: “ஆம்பளைங்களுக்கு இன்னா சட்டம்? யாரு அதிகமா ஓதியிருக்காங்களோ அவங்கதானே இமாம்? நமக்கும் அதேதான். ஓதச் சொல்லிக் கேளுங்க.”

உண்மைதான். தொழுகை நடத்த வயதோ சொத்தோ முதல் தகுதி அல்ல, ஓதல்தான். வரிசையாக ஓதினார்கள். நானிமா எனக்குக் கடைசி ஜுஸ்உ முழுவதும், முப்பத்தேழு சூராக்கள், மனப்பாடம் செய்து வைத்திருந்தார். நான் ஓதி முடித்ததும் கூடம் அமைதியானது. பிறகு ஒரு குரல் வந்தது.

“காலேஜுக்குப் போற பொண்ணு. சைட்டுல ஆம்பளைங்களோட நிக்கிற பொண்ணு. இதுவா இமாம்?”

எனக்கு முகம் சுட்டது. அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. காலாதான் பதில் சொன்னார்: “சைட்டுல நின்னா சூரா மறந்து போய்டுமா?”

சிரிப்பு வந்து சூடு தணிந்தது. ஆனால் உண்மையான சிக்கல் வேறு. அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மாதத்தில் சில நாட்கள் பெண்களுக்குத் தொழுகை விலக்கு. நோன்பும் அப்படியே, அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நானிமா இமாமாக நின்ற காலத்தில் வயது அதைத் தாண்டிவிட்டது. அதனால் முப்பது வருடத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. என் வயதுப் பெண் இமாம் என்றால் ரமலானில் ஒரு வாரம் கூடம் காலியாகத்தான் இருக்கும். அப்போது யார்?

நண்பர்களே, நாம் ஸ்ட்ரக்சர் பாடத்தில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரே தூண் மேல் மொத்த பாரத்தையும் வைத்தால் தூண் போகும்போது கூரையும் போகும். நானிமா அப்படி ஒரு தூண். எவ்வளவு நல்ல தூணாக இருந்தாலும், ஒரு தூண் ஒரு தூண்தான். அவர் போனதும் எங்களுக்கு ஆனது அதுதான். ஆகவே நான் சொன்னேன்: “நான் மட்டும் வேணாம். நாலு பேரா கத்துக்கலாம். யாருக்கு எப்ப முடியுமோ அவங்க நிக்கட்டும்.”

நாலு பேர் தேறினோம். தையல்கார காலா, அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு ஆபா. ஆபா என்றால் அக்கா. ப்ளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண். நான். ரமலானுக்கு முன் நாற்பது நாள், தினம் மக்ரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரம். உச்சரிப்பை ஒருவருக்கொருவர் சரி பார்த்தோம். ஆபாவுக்கு ஷிஃப்ட் வந்தால் கம்பெனி பஸ்ஸில் வரும்போதே செல்ஃபோனில் ஓதிக் கேட்டுக்கொண்டே வருவார். முந்தைய மூன்று வருடத்தில் இருந்தவன் பெயரை மறுபடி குடத்தில் போடாதே என்று கல்லில் வெட்டி வைத்தவர்கள் எதற்காக அப்படிச் செய்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒருவரே நின்றால் மற்றவர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்கள்!

முதல் தராவீஹ் இரவு என் முறை. இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நடுவில் நின்றேன். என் வலது தோளில் காலாவின் தோள், இடது தோளில் “இதுவா இமாம்?” என்று கேட்ட அதே பெரியம்மாவின் தோள். அவர் வேண்டுமென்றே அங்கே வந்து நின்றாரா, இடம் கிடைத்தது அங்கேதானா, தெரியாது. தக்பீர் கட்டும்போது என் கை நடுங்கியது. முன்னால் தனியாக நின்றிருந்தால் விழுந்திருப்பேனோ என்னவோ. இரண்டு பக்கமும் தோள் இருந்தது, நின்றுவிட்டேன். நடுவில் நிற்கச் சொன்னதன் ருசி என்ன என்பது அந்த இரவில் எனக்குத் தெரிந்தது. இமாமைத் தாங்குவதும் வரிசைதான்.

பயானையும் முறை வைத்துக்கொண்டோம். என் முதல் பயான் ‘அஸ்ரு’ சூரா பற்றி. மூன்றே வசனம். காலத்தை முன்வைத்துப் பேசி, உண்மையையும் பொறுமையையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்பவர்கள் நஷ்டப்பட மாட்டார்கள் என்று முடிகிறது. நான் நமக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: “கான்கிரீட் போட்ட அன்னைக்கே பலம் வராது. ஏழு நாள்ல சுமாரா அறுபத்தஞ்சு சதவீதம்தான். இருபத்தெட்டு நாள் ஆகணும். அதுவரைக்கும் தண்ணி விட்டுக்கினே இருக்கணும். வெறுமனே காத்துக்கினு இருந்தா அது பொறுமை இல்ல, தண்ணி விட்டுக்கினு காத்திருக்கிறதுதான் பொறுமை.”

“இன்னாம்மா, பயானுக்குள்ள சிமெண்ட்டைக் கொண்டாந்துட்டே!” என்று காலா சொல்ல, கூடமே சிரித்தது. ஆனால் மறுவாரம் மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, “இன்னும் இருபத்தெட்டு நாள் ஆவல, தண்ணி ஊத்திக்கினு இருக்கேன்” என்றார். அதைவிடப் பெரிய மார்க் எனக்கு எந்த செமஸ்டரிலும் வந்ததில்லை!

ஆபாவின் பயான் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. ‘இஹ்ஸான்’ என்று ஒரு சொல் உண்டு. இறைவனை நீ பார்ப்பது போல வணங்கு, நீ பார்க்காவிட்டாலும் அவன் உன்னைப் பார்க்கிறான் என்பது அதன் பொருள். ஆபா கம்பெனி லைனில் நிற்பதைச் சொன்னார். “ராத்திரி ஷிஃப்ட்ல சூப்பர்வைசர் அந்தாண்ட போயிருப்பாரு. ஒரு ஸ்க்ரூவை அரைகொறையா முடுக்கினாலும் யாருக்கும் தெரியாது. வண்டி ஓட்டப் போறவன் மொகமும் எனக்குத் தெரியாது. தெரியாதவனுக்காக ஒழுங்கா முடுக்கறேன் பாரு, அதான் எனக்கு இஹ்ஸான்.” பன்னிரண்டு மணி நேரம் வெளியில் இருந்துவிட்டு வரும் ஒரு பெண் இப்படிப் பேச, இத்தனை நாள் ஏன் யாரும் அவரைப் பேசச் சொல்லவில்லை என்று எண்ணிப் பார்த்தேன். நானிமா இருந்தவரை நானிமா பேசினார், நாங்கள் கேட்டோம். கேட்பது சுகமாகத்தான் இருந்தது.

எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று எழுதி முடிக்க ஆசை. அப்படி இல்லை. மக்ரூஹ் என்று சொல்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள். வெளியூரில் படித்துவிட்டு வந்த ஒரு அண்ணன், “பெண்களைப் பள்ளிவாசலுக்கே அனுப்புங்க, தனிக் கூடம் எதுக்கு?” என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். இடம் கட்டட்டும், போகிறோம். இரண்டு வீட்டில் பெண்களை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். ஹஜ்ரத் மட்டும் ஒன்றும் சொல்லாமல், பெருநாளைக்கு முன் தன் பேத்தியை எங்களிடம் சூரா ஓதிக் காட்ட அனுப்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் கேட்கவில்லை.

தோழிகளே, உங்களிடம் ஒரு வார்த்தை. நீங்கள் கோயிலுக்குப் போகிறவரோ, சர்ச்சுக்குப் போகிறவரோ, எங்கும் போகாதவரோ, எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் தெருவிலும் ஒரு நானிமா இருப்பார். மார்கழியில் பிள்ளைகளைக் கூட்டிப் பாட வைப்பவர், ஜெபக் கூட்டத்தில் முதலில் வாய் திறப்பவர், மகளிர் குழுவில் கணக்கு எழுதுபவர். அவருக்கு அடுத்தது யார் என்று இப்போதே கேளுங்கள். அவர் தெம்பாக இருக்கும்போதே கேளுங்கள். தோழர்களே, உங்கள் வீட்டுப் பெண்கள் இப்படி ஒரு கூடத்துக்குப் போனால் அன்றைக்கு ராத்திரி சோற்றை நீங்களே போட்டுச் சாப்பிடுங்கள். அதுவே பெரிய உதவி!

வரும் ஏப்ரலோடு எனக்கு டிப்ளமோ முடிகிறது. வேலை கிடைத்தால் சென்னையோ ஓசூரோ, எங்கே என்று தெரியாது. அடுத்த ரமலானில் நான் ஊரில் இருப்பது சந்தேகம். போன வாரம் அதைத் தயங்கித் தயங்கிக் கூடத்தில் சொன்னேன். யாரும் பதறவில்லை. ப்ளஸ் ஒன் பெண் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, “நாங்க மூணு பேர் இருக்கோம் ஆபா. இன்னும் ரெண்டு பேர் ஓத ஆரம்பிச்சிருக்காங்க” என்றாள்.

கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது எனக்கு. பிறகு, இதற்குத்தானே இவ்வளவும் என்று நினைத்துக்கொண்டேன்.

— இறுதியாண்டு மாணவி, சிவில் பிரிவு